மேளத்தைப் பிடுங்கிய பிறகும் நிற்காத தாளம்: ஜாஸின் ஆப்பிரிக்க வேர்கள்

ஜாஸ் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே வரியில் பதில் சொல்லி முடித்துவிடுகிறார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து தாளம் வந்தது, ஐரோப்பாவிலிருந்து ஹார்மனி, அதாவது பல சுரங்களை ஒன்றாக இசைக்கும் முறை, வந்தது, இரண்டும் அமெரிக்காவில் சேர்ந்து ஜாஸ் ஆனது, அவ்வளவுதான். கேட்க வசதியான வரி. ஆனால் அதில் மனிதர்களே இல்லை. தாளம் தானாகக் கப்பலேறி வரவில்லை, சங்கிலியில் பிணைக்கப்பட்டவர்கள் தங்கள் உடம்பில் சுமந்து வந்தார்கள். வந்த இடத்திலும் அதை வாசிக்க விடவில்லை. அமெரிக்கத் தென்பகுதியின் பல இடங்களில் அடிமைகள் மேளம் தொடக்கூடாது என்று சட்டமே இருந்தது. அப்புறம் எப்படி அந்தத் தாளம் நூறு, நூற்றைம்பது ஆண்டுகள் தாக்குப்பிடித்து கார்னெட், டிராம்போன் என்ற பித்தளை ஊதுகருவிகளுக்குள் புகுந்தது? ஜாஸின் வேரைப் பற்றிப் பேசுவதென்றால் இங்கிருந்துதான் தொடங்கவேண்டும்.

முதலில் சில எண்கள். அட்லாண்டிக் அடிமை வணிகத்தில் கப்பலேற்றப்பட்டவர்கள் சுமார் 1.25 கோடிப் பேர். உயிரோடு கரையிறங்கியவர்கள் சுமார் 1.07 கோடி. இவர்களில் இன்றைய அமெரிக்க ஐக்கிய நாட்டுப் பகுதிக்கு நேரடியாகக் கொண்டுவரப்பட்டவர்கள் ஏறத்தாழ 3.9 லட்சம், அதாவது நூற்றில் நான்கு பேர்கூட இல்லை. பிரேசிலுக்கும் கரீபியத் தீவுகளுக்கும் போனவர்கள்தான் மிக அதிகம். 1808-இல் அமெரிக்கா வெளிநாட்டிலிருந்து அடிமைகளைக் கொண்டுவருவதைச் சட்டப்படி நிறுத்திவிட்டது. ஆனால் 1860-இல் அங்கே அடிமைகளாக இருந்தவர்கள் சுமார் 40 லட்சம், அதில் மிகப் பெரும்பாலோர் அங்கேயே பிறந்தவர்கள். கியூபாவிலும் பிரேசிலிலும் 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஆப்பிரிக்காவிலிருந்து புதிதாக ஆட்கள் வந்து இறங்கிக்கொண்டே இருந்தார்கள், அவர்களோடு மொழியும் சடங்கும் மேள அடியும் திரும்பத் திரும்ப வந்தன. அமெரிக்காவில் அந்த வரத்து சீக்கிரமே நின்றுபோனது. பாட்டி சொன்னது, பாட்டியின் பாட்டி சொன்னது என்று நினைவிலிருந்தே எல்லாவற்றையும் காப்பாற்ற வேண்டிய நிலை.

அந்த நினைவின் மேல்தான் சட்டமும் கைவைத்தது. 1739 செப்டம்பரில் தெற்குக் கரோலினாவில் ஸ்டோனோ ஆற்றங்கரையில் இருபது பேர் போல ஒரு கடையை உடைத்து ஆயுதங்களை எடுத்துக்கொண்டு தெற்கே ஸ்பானிய ஃபுளோரிடாவை நோக்கி நடந்தார்கள். அங்கே போனால் விடுதலை கிடைக்கும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. தலைமை தாங்கியவர்களில் பலர் கொங்கோ நாட்டவர். கொடி பிடித்துக்கொண்டு, மேளம் அடித்துக்கொண்டு போனார்கள். அந்த ஒலியைக் கேட்டு வழியில் மற்றவர்களும் வந்து சேர்ந்துகொண்டார்கள். கலகம் நசுக்கப்பட்டது. மறு ஆண்டே, 1740-இல், அந்தக் காலனி கொண்டுவந்த சட்டம் அடிமைகள் எழுதக் கற்பதைத் தடைசெய்தது, மேளமும் கொம்பும் உரத்த ஒலியெழுப்பும் பிற கருவிகளும் வைத்திருப்பதையும் தடைசெய்தது. பின்னால் ஜார்ஜியாவும் அதையே பார்த்துச் சட்டம் எழுதிக்கொண்டது. எழுத்தையும் மேளத்தையும் ஒரே சட்டத்தில் தடுத்தார்கள் என்பதைக் கவனியுங்கள். இரண்டுமே செய்தி கொண்டுபோகும் என்று எஜமானர்களுக்கு நன்றாகப் புரிந்திருந்தது.

மேளம் போனதும் உடம்பே மேளமானது. தொடையிலும் மார்பிலும் கன்னத்திலும் உள்ளங்கையால் அடித்து, குதிகாலால் தரையைத் தட்டி ஒரே ஆள் இரண்டு மூன்று அடிகளைப் பின்னுகிற ஒரு முறை தோட்டங்களில் பரவியது, அதற்கு ஜூபா என்று பெயர். ஜார்ஜியா, தெற்குக் கரோலினாக் கடலோரத் தீவுகளில் வழிபாடு முடிந்தபின் எல்லோரும் வட்டமாக நின்று கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் காலை இழுத்து இழுத்து நகர்வார்கள். காலைக் குறுக்கே போடக்கூடாது, போட்டால் அது நடனமாகிவிடும், நடனம் பாவம் என்று திருச்சபை சொல்லியிருந்தது. ஓரத்தில் ஒருவர் விளக்குமாற்றுக் கம்பைப் பலகைத் தரையில் குத்திக் குத்தித் தாளம் கொடுப்பார், ஒருவர் அடி எடுத்துப் பாட மற்றவர்கள் கைதட்டிக்கொண்டு பின்பாட்டுப் பாடுவார்கள். வெளிப்பார்வைக்குக் கிறிஸ்தவ வழிபாடு, நடக்கிற முறையோ மேற்கு, நடு ஆப்பிரிக்காவின் வட்ட ஆட்டம். கண்காணிப்பவனுக்கு எதுவரை தெரியலாம், எது தெரியக்கூடாது என்று பார்த்துப் பார்த்து அமைத்துக்கொண்ட கலை இது.

வயலிலும் அதே பின்பாட்டுதான். பருத்தி பறிக்கும்போதும் மரம் வெட்டும்போதும் ஒருவர் முதல் அடியை எடுக்க, கோடாரி விழும் நேரத்தில் மற்றவர்கள் பதில் சொல்வார்கள். தனியாக வேலை செய்பவர் வரப்பிலிருந்து நீட்டி முழக்குகிற குரல் வேறு. இந்தப் பாட்டுகளைக் கேட்டுவிட்டு, பார், எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறார்கள் என்று சொன்ன வெள்ளையர்கள் நிறைய. மேரிலாந்தில் அடிமையாகப் பிறந்து தப்பித்து வந்த ஃபிரெடெரிக் டக்ளஸ் 1845-இல் வெளியிட்ட தன்வரலாற்றில் இதற்கு நேராகவே பதில் சொல்லியிருக்கிறார்: அடிமைகள் மிக அதிகமாகப் பாடுவது மிக அதிகமாகத் துன்பப்படும்போதுதான். அவருடைய அந்தப் பக்கங்களைப் படிக்காமல், இந்தப் பாட்டுகளிலிருந்து வளர்ந்த கறுப்பரின் சோகப்பாட்டு வகையான ப்ளூஸைப் பற்றிப் பேசவே கூடாது என்று நினைக்கிறேன்.

சரி, இப்போது நியூ ஆர்லியன்ஸ். ஆங்கிலேயப் புராட்டஸ்டன்ட் காலனிகளில் நடந்த கதை வேறு, பிரெஞ்சு, ஸ்பானியக் கத்தோலிக்க ஆட்சியில் இருந்த லூசியானாவின் கதை வேறு. 1719-இல் முதல் அடிமைக் கப்பல்கள் அங்கே வந்தன. பிரெஞ்சு ஆட்சிக்காலத்தில் கொண்டுவரப்பட்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் ஒரே வட்டாரத்தவர்கள், செனகல், காம்பியா ஆறுகளுக்கு இடைப்பட்ட செனகாம்பியாவைச் சேர்ந்தவர்கள். 1724-இன் பிரெஞ்சு அடிமைச் சட்டம் கொடூரமானதுதான், ஓடிப்போனால் காதை அறுக்கச் சொல்கிற சட்டம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வேலை வாங்கக்கூடாது என்றும் அதில் இருந்தது. அந்த ஒரு நாளை மக்கள் பிடித்துக்கொண்டார்கள். நகரத்துக் கோட்டைச் சுவருக்குப் பின்னால் இருந்த திடலில் ஞாயிறுதோறும் சந்தை கூடியது, பெண்கள் காய்கறியும் பலகாரமும் விற்றார்கள். ஸ்பானியர் ஆட்சியில் அடிமை தன் விலையைக் கட்டித் தன்னையே மீட்டுக்கொள்ளச் சட்டம் இடம் கொடுத்ததால், அப்படிச் சேர்த்த காசில் விடுதலை வாங்கியவர்களும் உண்டு. சந்தை முடிந்ததும் மேளம், ஆட்டம். அந்தத் திடலுக்குத்தான் பின்னால் கொங்கோ சதுக்கம் என்று பெயர் நிலைத்தது.

1803-இல் லூசியானா அமெரிக்கக் கைக்கு வந்தது. எல்லாம் அடங்கிப்போயிருக்க வேண்டிய நேரத்தில் கரீபியத்திலிருந்து ஓர் அலை வந்தது. ஹெய்ட்டிப் புரட்சியின்போது கியூபாவுக்கு ஓடியவர்களை 1809-இல் ஸ்பானிய அதிகாரிகள் அங்கிருந்தும் வெளியேற்ற, ஒன்பது பத்தாயிரம் பேர் நியூ ஆர்லியன்ஸில் வந்து இறங்கினார்கள். வெள்ளையர், சுதந்திரமான கறுப்பர், அடிமைகள் என்று மூன்று தரப்பும் ஏறக்குறைய சம அளவு. நகரத்தின் மக்கள்தொகையே ஏறத்தாழ இரட்டிப்பானது. ஹெய்ட்டியின் மேளமும் சடங்கும் கியூபாவின் அடியும் அவர்களோடு வந்தன. 1811-இல் நகருக்கு மேலே ஆற்றங்கரைக் கரும்புத் தோட்டங்களில் பெரும் கலகம் நடந்து, அதில் பிடிபட்டவர்களின் தலைகளை வெட்டி ஆற்றுக்கரை நெடுகக் கம்புகளில் செருகி வைத்தார்கள். அதற்கு ஆறு ஆண்டு கழித்து, 1817-இல், நகராட்சி அடிமைகளின் ஆட்டபாட்டத்தை ஞாயிறு மட்டும், அதிகாரிகள் குறிக்கிற இடத்தில் மட்டும் என்று சுருக்கியது. கொங்கோ சதுக்கத்தை ஏதோ தாராள மனசின் அடையாளமாக எழுதுபவர்கள் இந்த வரிசையைப் பார்க்கவேண்டும். கட்டுப்படுத்த முடியாததை வேலி போட்டு வைத்தார்கள், அந்த வேலிக்குள் மக்கள் தங்களுக்கு வேண்டியதைச் செய்துகொண்டார்கள்.

அங்கே என்ன நடந்தது என்பதற்கு ஒரு நேரடிச் சாட்சி இருக்கிறது. வாஷிங்டன் நாடாளுமன்றக் கட்டடத்தில் பணியாற்றிய பெஞ்சமின் லாட்ரோப் என்ற கட்டடக் கலைஞர் 1819 பிப்ரவரியில் ஒரு ஞாயிறு பிற்பகல் அந்தப் பக்கம் போகும்போது, மரத்தளத்தில் குதிரைகள் மிதிப்பது போன்ற சத்தம் கேட்டுத் திரும்பிப் போய்ப் பார்த்தார். ஐந்நூறு அறுநூறு பேர், வட்டம் வட்டமாக. ஒரு வட்டத்தின் நடுவில் இரண்டு பெண்கள் ஒரு துணியின் முனைகளைப் பிடித்துக்கொண்டு இடத்தைவிட்டு அதிகம் அசையாமல் மெல்ல ஆடினார்கள். ஒரு கிழவர் சுமார் ஓர் அடி விட்டமுள்ள உருளை மேளத்தின்மேல் கால்போட்டு உட்கார்ந்து விரல்களாலும் கையின் ஓரத்தாலும் நம்பமுடியாத வேகத்தில் அடித்தார். எண்பது தொண்ணூறு வயது மதிக்கத்தக்க இன்னொரு கிழவர் சுரைக்குடுக்கையில் செய்த ஒரு நரம்புக் கருவியை வாசித்தார், அதன் தலைப்பில் உட்கார்ந்த நிலையில் ஒரு மனித உருவம் செதுக்கியிருந்தது. பெண்கள் இரண்டே சுரத்தில் இடையிடையே பின்பாட்டுப் பாடினார்கள். லாட்ரோபுக்கு இது எதுவுமே பிடிக்கவில்லை, காட்டுத்தனம் என்றே எழுதிவைத்தார். ஆனால் கட்டடக் கலைஞரின் கண் அல்லவா, அந்தக் கருவிகளைப் படமாக வரைந்துவிட்டார். அந்தப் படங்களை ஆப்பிரிக்கக் கருவிகளோடு ஒப்பிட்டு ஆய்வாளர்கள் இன்றும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் கிழவரின் பெயரை மட்டும் யாரும் கேட்டு எழுதவில்லை.

அந்தச் சுரைக்குடுக்கைக் கருவியின் உறவினர்தான் பாஞ்சோ. இன்றைக்குப் பாஞ்சோ என்றதும் வெள்ளைக்கார மலைநாட்டு இசைதான் பலர் நினைவுக்கு வரும். ஆனால் தாமஸ் ஜெஃபர்சனே அதை ஆப்பிரிக்காவிலிருந்து அவர்கள் கொண்டுவந்த கருவி என்று 18-ஆம் நூற்றாண்டில் எழுதியிருக்கிறார். காம்பியாவின் ஜோலா மக்கள் வாசிக்கும் அகோண்டிங் என்ற கருவிக்கும் அதே சுரைக்குடுக்கை, மேலே தோல், கட்டைவிரலால் மீட்டுகிற ஒரு குட்டை நரம்பு. காம்பியரான டேனியல் ஜட்டா இந்த ஒற்றுமையைப் பெரிதாகக் கவனப்படுத்தினார். 1840-களில் வெள்ளையர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பரைக் கேலிசெய்யும் மேடைக் கூத்துகளில் பாஞ்சோவைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள். கண்டுபிடித்தவர்களின் கருவியே அவர்களை இழிவுபடுத்தும் சின்னமானது. பிற்காலத்தில் கறுப்பர்கள் பலர் அதைக் கையில் எடுக்கவே கூசினார்கள். தொடக்ககால ஜாஸ் குழுக்களில் பாஞ்சோ இருந்தது, 1930-களுக்குள் அந்த இடத்தை கிட்டார் எடுத்துக்கொண்டது. அடிமை முறையின் இசை மரபு என்று பேசும்போது மிஞ்சியதை மட்டும் கணக்கில் எடுக்கிறோம், இப்படி அவமானத்தால் கைவிடப்பட்டதும் அதே மரபில்தான் சேர்த்தி.

ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது என்று நான் சொல்வது கருவிகளை மட்டும் அல்ல. இசையை எப்படிச் செய்வது என்ற ஒரு முறையே வந்தது. நம் காதுக்குப் பழகிய ஓர் உதாரணம் சொல்கிறேன். எட்டு மாத்திரையை நாலு நாலாக எண்ணாமல் மூன்று, மூன்று, இரண்டு என்று பிரியுங்கள்: தகிட தகிட தக. காலால் நாலு நாலாகத் தட்டிக்கொண்டே வாயால் இதைச் சொல்லிப் பாருங்கள், இரண்டாவது தகிட காலின் தட்டுக்கு நடுவில் வந்து விழும், உடம்பு தானாகக் கொஞ்சம் சாயும். சகாராவுக்குத் தெற்கே பரவலாக உள்ள இந்த அடி கியூபாவிலும் ஹெய்ட்டியிலும் உண்டு, நியூ ஆர்லியன்ஸ் ஊர்வல இசையிலும் உண்டு. பியானோக் கலைஞர் ஜெல்லி ரோல் மார்ட்டன் 1938-இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்காக ஒலிப்பதிவில் பேசும்போது, இந்தச் சாயல் இல்லாவிட்டால் ஜாஸுக்குச் சரியான சுவையே வராது என்கிறார். அவர் அதை ஸ்பானியச் சாயல் என்று அழைத்தார். அந்தச் சாயல் கியூபா வழியாக வந்ததால் பெயர் ஸ்பானியம், அடி ஆப்பிரிக்க அடிதான்.

இன்னொன்று குரல். மேற்கத்திய செவ்வியல் இசை தெளிவான, கறையில்லாத சுரத்தைத் தேடும். மேற்கு ஆப்பிரிக்காவில் அப்படியல்ல, பாலஃபோன் என்ற மரக்கட்டை இசைக்கருவியின் அடியிலுள்ள சுரைக்காயில் ஓட்டை போட்டு மெல்லிய சவ்வை ஒட்டுவார்கள், ஒவ்வொரு அடிக்கும் ஒரு ரீங்காரம் சேரவேண்டும் என்பதற்காகவே. கருவி மனிதக் குரல்போலப் பேசவேண்டும், கரகரக்க வேண்டும், அழவேண்டும். 1920-களில் ஜாஸ் குழுத்தலைவர் ட்யூக் எல்லிங்டனின் குழுவில் ட்ரம்பெட் கலைஞர் பபர் மைலி, சாக்கடை அடைப்பு எடுக்கிற ரப்பர் கிண்ணத்தை ட்ரம்பெட்டின் வாயில் வைத்துத் திறந்து மூடி உறுமவைத்தாரே, அது இந்த ரசனைதான். ப்ளூஸில் மூன்றாம், ஏழாம் சுரங்கள் பியானோக் கட்டைகளுக்கு நடுவில் எங்கேயோ வளைந்து நிற்பதும் அப்படித்தான். கமகம் கேட்டு வளர்ந்த காதுக்கு இது குறையாகத் தோன்றாது. ஆனால் ஐரோப்பியச் சுரக்குறிப்பில் எழுத முயன்றவர்கள் திணறிப்போனார்கள். 1867-இல் அடிமைகளின் பாடல்களை முதன்முதலாகத் தொகுத்து அச்சிட்டவர்களே, இவர்கள் பாடுவதைத் தாளில் கொண்டுவர முடியவில்லை என்று முன்னுரையில் ஒப்புக்கொண்டார்கள்.

கொங்கோ சதுக்கத்தின் ஞாயிறுகள் உள்நாட்டுப் போருக்கு முன்பே ஓய்ந்துவிட்டன. ஜாஸின் முதல் பெரிய பெயரான கார்னெட் கலைஞர் படி (Buddy) போல்டன் பிறந்தது 1877-இல். நடுவில் ஒரு தலைமுறை இடைவெளி. எனவே சதுக்கத்திலிருந்து நேராக ஜாஸ் பிறந்தது என்ற அழகான கதையை நான் ஏற்கவில்லை. இடைவெளியை நிரப்பியது தேவாலயமும் தெருவும் சாவு ஊர்வலமும். 1865-இல் அடிமை முறை ஒழிந்தபின் கறுப்பர்கள் ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு உதவிச் சங்கங்கள் நடத்தினார்கள், வைத்தியம், ஈமச்செலவு எல்லாம் அதிலிருந்துதான். உறுப்பினர் இறந்தால் பித்தளை ஊதுகருவிகளும் மேளமும் கொண்ட பிராஸ் பேண்ட் வரும். இடுகாடு வரை மெதுவான ஜெபப்பாட்டு, சிறு மேளத்தின் அடியிலுள்ள கம்பிகளை ஒலிக்காமல் அடக்கிவிடுவார்கள். உடலை விட்டுவிட்டுக் கொஞ்ச தூரம் வந்ததும் கம்பிகளை மீண்டும் ஒலிக்க விடுவார்கள், மேளம் கணீரென்று தொடங்கும், பின்னால் வருகிற கூட்டம் குடையும் கைக்குட்டையும் வீசி ஆடத் தொடங்கும். ஐரோப்பிய ராணுவ அணிவகுப்பின் கருவிகள், ஐரோப்பிய ஜெபப்பாட்டு, ஆனால் செத்தவரை ஆடிப் பாடி அனுப்புகிற முறை அவர்கள் முன்னோருடையது.

1865-க்குப் பின் எல்லாம் சரியாகிவிட்டதா என்றால் இல்லை. கறுப்பர்களைச் சிறு குற்றங்களுக்கும் பிடித்துச் சிறையிலிட்டு, அந்த உழைப்பைத் தோட்டங்களுக்கு வாடகைக்கு விட்டார்கள். லூசியானா மாநிலச் சிறைக்கு இன்றும் அங்கோலா என்றுதான் பெயர், முன்பு அந்த இடத்தில் இருந்த தோட்டத்தின் பெயர் அது. 18,000 ஏக்கர், கைதிகள் இன்னும் வயலில் வேலை செய்கிறார்கள். 1933-இல் நாட்டுப்பாடல் சேகரிப்பாளர் ஜான் லோமாக்ஸும் மகன் ஆலனும் ஒலிப்பதிவுக் கருவியோடு அங்கே போய்த்தான் கைதியாக இருந்த பாடகர் லெட்பெல்லியைப் பதிவுசெய்தார்கள். அடிமைக்காலத்து வேலைப்பாட்டைத் தேடியவர்கள் சிறைக்குப் போனார்கள் என்பது தற்செயல் இல்லை. அந்தப் பாட்டு பிறந்த நிலைமை மாறாமல் இருந்த இடம் அதுதான்.

நியூ ஆர்லியன்ஸில் இன்னொரு பிரிவினர் இருந்தார்கள், கிரியோல்கள். பிரெஞ்சு பேசும், கலப்பு வம்சாவளியினர், பலர் போருக்கு முன்பே சுதந்திரமானவர்கள், பிள்ளைகளுக்கு முறைப்படி கிளாரினெட்டும் வயலினும் கற்பித்தவர்கள். அவர்களில் ஒருவரான ஹோமர் பிளெஸி என்ற செருப்புத் தொழிலாளி 1892-இல் வெள்ளையருக்கான ரயில் பெட்டியில் வேண்டுமென்றே ஏறி உட்கார்ந்து கைதானார். 1896-இல் உச்ச நீதிமன்றம், தனித்தனியாக வைத்தாலும் சமம்தான் என்று தீர்ப்பளித்துப் பிரிவினையைச் சட்டமாக்கியது. நோட்டைப் பார்த்து வாசிக்கிற கிரியோலும் காதால் கேட்டு வாசிக்கிற நகரின் மேற்புறக் கறுப்பரும் இனி சட்டத்தின் முன் ஒன்று. வேலைக்காக ஒரே மேடையில் நிற்க வேண்டிவந்தது. இந்த உரசலில் ஜாஸ் வேகமெடுத்தது உண்மை. ஆனால் பிரிவினைக்கு நன்றி சொல்கிற தொனியில் இதை எழுதுவதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. அடிமை முறை உலகத்துக்கு ஜாஸைக் கொடுத்தது என்று ஒரு வாக்கியம் உலவுகிறது. அடிமை முறை எதையும் கொடுக்கவில்லை. அது மேளத்தைப் பிடுங்கியது, மொழியை அழித்தது, குழந்தையைத் தாயிடமிருந்து பிரித்து விற்றது. ஜாஸைக் கொடுத்தவர்கள் அந்த மக்கள்.

ஒலிப்பதிவின் கதையிலும் இதே கணக்கு தொடர்கிறது. கார்னெட்டை ஊர் முழுக்கக் கேட்கும்படி ஊதியவர் என்று பெயரெடுத்த போல்டனின் ஒரு பதிவுகூடக் கிடைக்கவில்லை. 1907-இல் மனநலக் காப்பகத்தில் சேர்க்கப்பட்டு 1931-இல் அங்கேயே இறந்தார். ஜாஸ் என்ற பெயரில் முதல் இசைத்தட்டு 1917-இல் வந்தது, வாசித்தவர்கள் ஐந்து வெள்ளையர்கள். நியூ ஆர்லியன்ஸ் கறுப்பரான கார்னெட் கலைஞர் கிங் ஆலிவரின் குழு, இரண்டாவது கார்னெட்டில் இளம் லூயி ஆர்ம்ஸ்ட்ராங்கோடு, 1923-இல்தான் இண்டியானாவின் ரிச்மண்டில் உள்ள ஜென்னெட் நிறுவனத்தில் பதிவுசெய்தது. அதே நிறுவனம் கு க்ளக்ஸ் க்ளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பு கொடுத்த ஆர்டர்களுக்கும் தட்டு அச்சடித்துக் கொடுத்தது. அந்தக் காலத்துக் கருவி பெரிய மேளத்தைத் தாங்காது, ஊசி துள்ளிவிடும். அதனால் மேளக்காரர் பேபி டாட்ஸ் பதிவில் மரக்கட்டையைத் தட்டினார். இரண்டு கை, இரண்டு கால், நான்கும் நான்கு வேலை என்று ஒரு மேளக்குழுவையே ஒரே உடம்பில் அடக்கிய வாசிப்பு அவருடையது. அது அந்தத் தட்டுகளில் இல்லை.

கியூபாவில் அடிமை முறை 1886-இல்தான் ஒழிந்தது, ஆனால் மேளம் அங்கே உயிரோடு இருந்தது. அங்கிருந்து அது திரும்பி வந்தது. 1947-இல் ஜாஸ் ட்ரம்பெட் கலைஞர் டிஸ்ஸி கில்லெஸ்பி தன் குழுவில் ஹவானாவின் காங்கா மேளக்காரர் சானோ போஸோவைச் சேர்த்து நியூயார்க்கின் கார்னெகி ஹாலில் மேடையேற்றினார். போஸோ, இன்றைய நைஜீரிய, கேமரூன் எல்லைப் பகுதியின் ரகசியச் சங்க மரபிலிருந்து கியூபாவில் வளர்ந்த அபக்குவா சங்கத்தைச் சேர்ந்தவர். இருவருக்கும் பொதுமொழி இல்லை, தாளத்தில்தான் பேசிக்கொண்டார்கள். மறு ஆண்டே போஸோ ஹார்லெமில் சுட்டுக்கொல்லப்பட்டார். ஆனால் கையால் அடிக்கும் அந்த காங்கா மேளம் அதன்பின் ஜாஸைவிட்டுப் போகவில்லை. 1960-இல் மேளக்கலைஞர் மேக்ஸ் ரோச்சும் பாடகி ஆபி லிங்கனும் அடிமைக்காலத்திலிருந்து அன்றைய உரிமைப் போராட்டம் வரை ஒரே இசைத்தட்டில் சொன்னபோது, நைஜீரிய மேளக்கலைஞர் பாபதுண்டே ஒலாதுஞ்சியையும் கூட்டிவைத்துக்கொண்டார்கள்.

கேட்டுப் பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு வரிசை சொல்கிறேன். முதலில் லோமாக்ஸ் பதிவுசெய்த சிறை வேலைப்பாட்டு ஏதாவது ஒன்று, கோடாரி விழும் இடத்தை மட்டும் கவனியுங்கள். அடுத்து 1923-இன் கிங் ஆலிவர், மெட்டை விட்டுவிட்டு இரண்டு கார்னெட்டும் ஒன்றுக்கொன்று பதில் சொல்வதைக் கேளுங்கள். பிறகு மைலி இருந்த காலத்து எல்லிங்டன். அப்புறம் ரோச்சின் அந்த 1960 தட்டு, அதன் முதல் பாட்டு தோட்டத்துக் கங்காணியைப் பற்றியது, ஐந்து மாத்திரைக் கணக்கு, ஆபி லிங்கன் தனியாகத் தொடங்குவார், ஒவ்வொரு சுற்றிலும் சாட்டை விழுவது போல ஓர் அடி விழும். ஹெட்ஃபோனில் கேட்பது நல்லது.